அத்திப்பள்ளி தாண்டினால் ஆட்டம் ஓடும்... ஓசூர் இளைஞர்களின் போனுக்குள் இருந்த செக்போஸ்ட்!

2021 ஜனவரி. பொங்கல் லீவில் ஓசூரில் இருந்த அண்ணனின் ரூமுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகன். சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, மூக்கண்டப்பள்ளியில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த ரூம். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும், "தம்பி, அத்திப்பள்ளி போய் தொன்னை பிரியாணி சாப்பிட்டு வரலாம் வா" என்றார். ஓசூரில் பிரியாணிக் கடைக்கா பஞ்சம்? ஆனாலும் அண்ணன் வாங்கித் தருகிறார், நமக்கென்ன என்று பைக்கில் ஏறிவிட்டேன்.

ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி, கர்நாடகா வரவேற்பு போர்டும் தாண்டி, அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் பைக் நின்றது. நான் பிரியாணி சாப்பிட்டேன். அண்ணன் சாப்பிடவில்லை. பைக்கில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். எட்டிப் பார்த்தால் திரையில் சீட்டுக்கட்டு. ஆன்லைன் ரம்மி.

"இதை ரூம்லயே ஆடலாமே" என்று கேட்டேன். "அங்க ஓடாதுடா. ஸ்டேட் மாறணும்" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது காமெடியாக இருந்தது. இதழியல் டிப்ளமா படித்துக்கொண்டிருந்த நான், என் கண் முன்னாலேயே ஒரு செய்தி உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியபோதுதான் அந்த பிரியாணி ஞாபகத்துக்கு வந்தது. இந்திய ஆன்லைன் கேமிங் துறையின் வரலாற்றை யாராவது எழுதினால், 2025-க்கு முன், 2025-க்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். அதை டெல்லியில் இருந்து சொல்லலாம், பெங்களூரில் இருந்தும் சொல்லலாம். ஓசூரில் இருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

போனுக்கு எப்படித் தெரியும் நாம் எந்த ஊர் என்று?

பணம் வைத்து ஆடும் ஆப்களை இறக்கியதும் முதலில் கேட்டது லொகேஷன் அனுமதி. ஜி.பி.எஸ். காட்டும் இடம் எந்த மாநிலத்துக்குள் வருகிறது என்று பார்த்து, அந்த மாநிலத்தில் தடை இருந்தால் 'உங்கள் பகுதியில் இந்த ஆட்டத்துக்கு அனுமதி இல்லை' என்று சொல்லிவிட்டன. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு அந்த அறிவிப்போடு கதை முடிந்தது. எல்லையைத் தாண்ட ஒரு ராத்திரி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. ஓசூர்க்காரருக்கு அப்படியில்லை. பஸ் ஸ்டாண்டில் இருந்து பத்து கிலோமீட்டருக்குள் அடுத்த மாநிலம். காலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய், மாலையில் ஓசூருக்குத் திரும்புகிறவர்கள் தினமும் இரண்டு முறை சட்டம் மாறும் கோட்டைத் தாண்டினார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இன்னொரு பக்கம் ஆந்திராவின் குப்பம் வேறு இருக்கிறது. அங்கே 2020-லேயே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஒரே மாவட்டத்தைச் சுற்றி மூன்று மாநிலம், மூன்று சட்டம்.

ஏன் இப்படி? நம் அரசியல் சாசனத்தில் சூதாட்டமும் பந்தயமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சட்டம் போட்டது. அதோடு ஒரு பழைய தீர்ப்பும் சேர்ந்துகொண்டது. 1968-ல் ஆந்திரா தொடர்பான ஒரு வழக்கில், ரம்மி என்பது பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும் என்பது அதன் வாதம். கிளப்பில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆடிய காலத்துத் தீர்ப்பு அது. ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஒருவர் முகம் தெரியாத ஐந்து பேருடன் ஆடுவதை அன்று யாரும் யோசித்திருக்க முடியாது. ஆனால், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக கேமிங் நிறுவனங்கள் பிடித்துக்கொண்ட கயிறு இதுதான்: "எங்களுடையது திறமை ஆட்டம், சூதாட்டம் இல்லை."

இந்தப் பக்கம் தடை, அந்தப் பக்கம் திறப்பு

கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் ரம்மி வீடு வீடாக நுழைந்தது. கடனில் சிக்கியவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்தன. 2020 நவம்பரில் அன்றைய அ.தி.மு.க அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆடினால் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. நிறுவனங்கள் தமிழ்நாட்டை மூடின. அண்ணன் அத்திப்பள்ளிக்கு 'பிரியாணி சாப்பிட' கிளம்பியது அப்போதுதான்.

2021 ஆகஸ்ட் 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தமிழ்நாடு திறந்தது. சரியாக இரண்டு மாதம். அக்டோபர் 5-ம் தேதி கர்நாடகாவில் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆடிப் பணம் கட்டுவது குற்றம், ஆனால் லாட்டரிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் விலக்கு! பெங்களூரில் ஒரு கேப் டிரைவர் கொடுத்த புகாரில் ட்ரீம்11 நிறுவனர்கள் மீது வழக்குப் பதிவானது. அந்த ஆப் கர்நாடகாவில் சேவையை நிறுத்தியது. இப்போது தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. அண்ணனோடு வேலை பார்த்த ஆனேக்கல் பக்கத்து நண்பர் ஒருவர், ஷிஃப்ட் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பாமல் மூக்கண்டப்பள்ளி ரூமுக்கு வர ஆரம்பித்தார். முன்பு இவர் அங்கே போனார், இப்போது அவர் இங்கே வந்தார். வரும்போது மறக்காமல் எல்லோருக்கும் டீ வாங்கி வருவாராம்.

2022 பிப்ரவரி 14. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அதே நாளில் மத்திய அரசு 54 சீன ஆப்களைத் தடை செய்த செய்தியும் வந்தது. அந்தப் பட்டியலில் ஃப்ரீ ஃபயரும் இருந்தது. காதலர் தினத்தன்று பள்ளிப் பையன்களின் துப்பாக்கி ஆட்டம் போனது, பெரியவர்களின் ரம்மி திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் கதவு திறந்தாகிவிட்டது. அண்ணனுக்கு இனி பெட்ரோல் செலவு இல்லை.

அங்கிருந்துதான் எல்லாம் கெட்டது.

மிக்ஸியும் அடகு ரசீதும்

அண்ணன் ஒருமுறை ஒரே ராத்திரியில் 18,000 ரூபாய் ஜெயித்தார். அதில் பெரியம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்தார். காவேரிப்பட்டினம் வீட்டுச் சமையலறையில் அது இன்னும் ஓடுகிறது. அந்த 18,000 மட்டும் வராமல் இருந்திருந்தால் அவர் முன்பே நிறுத்தியிருப்பார் என்பது என் கணிப்பு. தோற்றால் விட்டதைப் பிடிக்க ஆடினார், ஜெயித்தால் கை ராசியாக இருக்கிறது என்று ஆடினார். சீட்டுப் பணம் போனது. பி.எஃப் முன்பணம் போனது. பத்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களில் வாங்கியதும் போனது. 2023 பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பெரியம்மாவின் கையில் கிடைத்தது அடகுக்கடை ரசீது. அவருடைய சங்கிலிதான். மொத்தமாகக் கணக்குப் போட்டபோது 3,40,000 ரூபாய். சிப்காட் தொழிலாளியின் சம்பளத்தில் அது ஓராண்டுக்கும் மேலான உழைப்பு.

பெரியம்மா சத்தம் போடவில்லை. மறுநாள் ஏ.டி.எம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார், போனை வாங்கி என்னிடம் கொடுத்தார், அண்ணனுக்கு ஒரு பட்டன் போன் வாங்கித் தந்தார். யு.பி.ஐ. இல்லாத அந்த ஓராண்டுதான் அவரை மீட்டது என்று இன்றும் சொல்கிறார். எல்லா வீட்டிலும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ரசீது சீக்கிரம் கையில் கிடைத்தது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சிக்கி, மனம் உடைந்து பேசுகிறார் என்றால் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 இரண்டிலும் எந்த நேரமும் பேசலாம். பண மோசடி என்றால் 1930.

ஷிஃப்ட் முடிவதற்குள் நடுராத்திரி

இதற்கிடையே தமிழ்நாட்டில் இரண்டாவது சுற்று தொடங்கியிருந்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அக்டோபரில் அவசரச் சட்டம், அதே மாதம் சட்டமன்றத்தில் மசோதா. ஆளுநர் ஆர்.என்.ரவி அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 23-ம் தேதி சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று பாதி திறந்து பாதி மூடியது. படிக்கும் உங்களுக்கே தலை சுற்றுகிறதா? லொகேஷன் ஆன் செய்து ஆடியவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவதாக வந்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. தடை செய்ய முடியாவிட்டால் கட்டுப்படுத்தலாம் என்று, 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிகளைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. ஆதார் மூலம் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடும் ஆப்கள் இயங்கக் கூடாது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூன் 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது.

அந்த ஐந்து மணி நேரத் தடையை யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு ஷிஃப்ட் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஓசூரில் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது மணி 12 ஆகிவிடும். ரூமில் மற்றவர்கள் தூங்குவார்கள். தூக்கம் வராது. அண்ணன் பெரிய தொகைகளை இழந்ததெல்லாம் இந்த நேரத்தில்தான். தென் கொரியா 2011-ல் இதே போல ஒரு சட்டம் போட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆட முடியாது. பத்து ஆண்டுகள் கழித்து, பலனில்லை என்று கைவிட்டார்கள். சீனா இன்னும் கடுமை. 2021 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரை. அந்த நாடுகள் காவல் காத்தது பிள்ளைகளை. தமிழ்நாடு காவல் காக்க வேண்டியிருந்தது சம்பளம் வாங்கும் பெரியவர்களை.

ஆனால் இந்த விதியும் ஜூஜூவாடி வரைதான். அத்திப்பள்ளிப் பக்கம் போனால் 12 மணியும் ஒன்றுதான், 12 மணி 5 நிமிடமும் ஒன்றுதான்.

மூன்றே நாளில் முடிந்த கதை

2025 ஆகஸ்ட் 20. மத்திய ஐ.டி. அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் மக்களவையில் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதாவை அறிமுகம் செய்தார். எதிர்க்கட்சிகளின் அமளிக்கு நடுவே அன்றே நிறைவேறியது. 21-ம் தேதி மாநிலங்களவை. 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். மாநிலங்கள் ஐந்து ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்ததை டெல்லி மூன்று நாளில் முடித்தது.

இந்தச் சட்டத்தின் முக்கியமான வரி, திறமையா அதிர்ஷ்டமா என்ற 1968-ம் ஆண்டுக் கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்ததுதான். பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடினால் அது 'பண விளையாட்டு'. திறமையாக இருந்தாலும் சரி, அதிர்ஷ்டமாக இருந்தாலும் சரி, தடை. நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு, 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிக்கும் சிக்கல். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே இந்தச் சட்டம் பார்க்கிறது. 2020-ல் தமிழ்நாடு போட்ட சட்டப்படி அண்ணன் குற்றவாளி, 2025 சட்டப்படி அவர் பாதிக்கப்பட்டவர். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

சுமார் 45 கோடி மக்கள் இந்த ஆட்டங்களால் பாதிக்கப்பட்டு, 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்திருப்பதாக மத்திய அரசு மதிப்பிட்டது. அதே 20,000 கோடியை நிறுவனங்களும் கூறின, வேறு கணக்கில்: ஆண்டுக்கு நாங்கள் கட்டும் வரி அவ்வளவு என்று. இரண்டு லட்சம் வேலைகள் போகும் என்றும் சொன்னார்கள். பெங்களூரின் எம்.பி.எல் தன் இந்திய ஊழியர்களில் பெரும்பகுதியினரை வேலையை விட்டு அனுப்பியது. கர்நாடக ஐ.டி. அமைச்சர் பிரியாங்க் கார்கே இது மோசமான கொள்கை முடிவு என்று கடுமையாக விமர்சித்தார். ஓசூரில் இருந்து தினமும் பெங்களூருக்குப் போய் வருகிறவர்களில் இந்த கம்பெனிகளுக்கு கஸ்டமர் கேர் பார்த்தவர்களும் கோடு எழுதியவர்களும் இருக்கலாம். அவர்களை 'சூதாட்டக் கம்பெனி ஆள்' என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும், பெரியம்மாவின் சங்கிலியையும் அந்தச் சம்பளத்தையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியவில்லை.

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் வேறு வழியில் இதைக் கவனித்திருப்பார்கள். 2023-ல் மூன்று ஆண்டுகளுக்கு 358 கோடி ரூபாய்க்கு இந்திய அணியின் ஜெர்சியில் இடம் பிடித்த ட்ரீம்11 விலகியது. செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் நம் அணி ஸ்பான்சர் பெயரே இல்லாத ஜெர்சியில் ஆடியது.

அப்போ பையன் ஆடுவது?

சட்டம் வந்த வாரம் எனக்கு வந்த போன்களில் பாதி, சொந்தக்கார அம்மாக்களிடமிருந்து. "பையன் பி.ஜி.எம்.ஐ. ஆடுறான், போலீஸ் வருமா?" என்று. வராது. இந்தச் சட்டம் எல்லா வீடியோ கேமையும் தடுக்கவில்லை. போட்டியாக நடத்தப்படும் இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக அங்கீகரிக்கிறது. அதில் நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் இருக்கலாம், பந்தயம் மட்டும் கூடாது. பொழுதுபோக்கு கேம்களுக்கும் தடை இல்லை, சந்தா கட்டி ஆடலாம். துப்பாக்கிக்கு நிறம் மாற்றவும் உடை வாங்கவும் பையன் செலவழிக்கும் பணம் திரும்பி வராது என்பதால் அது சூதாட்டக் கணக்கில் வராது. உங்கள் யு.பி.ஐ. கணக்கில் இருந்து போகிறதா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே லூடோவைப் பணம் கட்டி ஆடினால் அது தடைக்குள் வந்துவிடும்.

சட்டத்தை எதிர்த்து முதலில் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது ஏ23 ரம்மியை நடத்தும் நிறுவனம். வேறு உயர் நீதிமன்றங்களிலும் வழக்குகள் வர, செப்டம்பரில் எல்லாவற்றையும் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயத்தில் மத்திய அரசு சட்டம் போடலாமா என்பது அங்கே வரும் கேள்விகளில் ஒன்று. தமிழ்நாட்டின் மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பியபோது, மாநிலத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்றார். இப்போது மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பெரியம்மாவிடம் இதை விளக்கியபோது, "அப்ப யாருக்குத்தான்டா இருக்கு?" என்றார்.

214 ரூபாய்

சட்டம் வந்த அடுத்த நாள் அண்ணன் கூப்பிட்டார். இரண்டரை ஆண்டுகளாகத் தொடாத ரம்மி கணக்கில் இருந்து மெயில் வந்திருக்கிறது. 'ஆட்டங்களை நிறுத்திவிட்டோம், உங்கள் கணக்கில் உள்ள பணத்தை எடுத்துக்கொள்ளலாம்' என்று. எவ்வளவு என்று கேட்டேன். 214 ரூபாய். 3,40,000-ல் மிச்சம். எடுக்கலாமா, எடுக்கப் போய் மறுபடி ஆப்பை இறக்க வேண்டியிருக்குமே என்று அவருக்குப் பயம். என் போனில் இறக்கி, நானே எடுத்து, அவர் கணக்குக்கு மாற்றி, ஆப்பையும் அழித்தேன். அந்தப் பணத்தில் பைக்குக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் போட்டுக்கொண்டார்.

இந்தத் தீபாவளிக்கு ஓசூர் போயிருந்தபோது மறுபடி அத்திப்பள்ளி போனோம். இந்த முறை அவரும் பிரியாணி சாப்பிட்டார். கைகழுவிவிட்டு வந்தபோது அவர் போனில் வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்று. தெரியாத எண். ரம்மி, கிரிக்கெட் பெட்டிங், முதல் டெபாசிட்டுக்கு 500 ரூபாய் போனஸ், கீழே ஒரு லிங்க். ஆப் ஸ்டோரில் இல்லாத, வெளிநாட்டு சர்வரில் ஓடும் தளம். லொகேஷன் கேட்காது, ஆதார் கேட்காது, மணி 12 ஆனாலும் மூடாது. இந்த மாதிரித் தளங்களை முடக்க சட்டத்தில் வழி இருக்கிறது. ஒன்றை முடக்கினால் பெயரை மாற்றிக்கொண்டு இன்னொன்று வருகிறது.

அண்ணன் அந்த எண்ணை பிளாக் செய்தார். செய்வதற்கு முன் மெசேஜை எனக்கு ஃபார்வர்டு செய்திருந்தார், கீழே ஒரு கேள்வியோடு: "இது எந்த ஸ்டேட்ல இருக்குடா?"